புதுப்பிப்பு: வூர்ட்ரெக்கர் நினைவகம் போய் வந்தோம்

ஊழியத்தில் எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஓய்வுநாளில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, பாதிப் பேர் வூர்ட்ரெக்கர் நினைவகம் என்றீர்கள், மீதிப் பேர் அது ஆப்பிரிக்கானர் (டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையர்) பெருமை பேசும் இடம், வேண்டாம் என்றீர்கள். சரி, போய்விட்டோம். இரண்டு தரப்பு சொன்னதும் சரிதான்.

1949-இல் திறந்த, 40 மீட்டர் உயரக் கருங்கல் கட்டடம். சுற்றுமதிலிலேயே 64 மாட்டு வண்டிகளைச் செதுக்கி அரண்போல வளைத்திருக்கிறார்கள். உள்ளே 27 பளிங்குப் பலகைகளில், கேப் காலனியை விட்டு 1830-களில் கிளம்பிய போயர் (டச்சு வழிவந்த விவசாயி) குடும்பங்களின் கதை; அவர்களைத்தான் வூர்ட்ரெக்கர் என்கிறார்கள். வண்டிச் சக்கரம், தொப்பி விளிம்பு எல்லாம் அத்தனை நுணுக்கம், ஆனால் அவர்களோடு மோதிய ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்தாரின் பக்கக் கதையை அதில் தேடாதீர்கள்.

1838 டிசம்பர் 16 அன்று ஜூலுக்களோடு நடந்த போருக்கு முன், போயர்கள் வெற்றி கிடைத்தால் அந்த நாளை ஆண்டுதோறும் ஆசரிப்போம் என்று கடவுளிடம் பொருத்தனை செய்திருக்கிறார்கள். அன்று செத்த ஜூலுக்கள் சுமார் 3,000 பேர். வேதப்புத்தகத்தோடு ஊர் ஊராகப் போகிற எங்களுக்கு இது லேசில் ஜீரணமாகவில்லை, வீட்டுக்காரி வெளியே வரும்வரை பேசவே இல்லை. அதே தேதிதான் 1995 முதல் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் ஒன்றுபடுவதற்கான நல்லிணக்க நாள்.

அப்புறம், பக்கத்துக் குன்றில், விடுதலைக்காக உயிர்விட்டவர்களின் நினைவிடமாக இருக்கும் ஃப்ரீடம் பார்க்கையும் சேர்த்துப் பாருங்கள். படியேறியதில் அவளுக்கு முட்டிவலி, நாங்கள் அதை அடுத்த லீவுக்குத் தள்ளிவிட்டோம்.