கடல், கோயில், மான் வரக்கூடாது: எழுத்துச் சவால் அனுபவங்கள்

உவர்மலை வாசி:

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறேழு பேர் கூடி எழுதுகிறோம். ஒருவர் சீட்டில் ஒரு சவால் எழுதிக்கொண்டு வருவார். 20 நிமிடம் எழுத்து, பிறகு பிளேன்டீயும் வாசிப்பும். முதல் மாதம் ‘கடல்’, ‘தனிமை’, ‘மழை’ என்றுதான் சீட்டு வந்தது. எல்லாரும் எழுதியது ஒரே கவிதை: அலை வந்தது, கால்தடம் அழிந்தது, அவள் வரவில்லை. என்னுடையதும் அதேதான், ஒளிப்பானேன்.

அப்புறம் ஒரு ரீச்சர் கொண்டுவந்த சீட்டு: ‘திருகோணமலையைப் பற்றி எழுதுங்கள். கடல், கோணேசர் கோயில், மான் மூன்றும் வரக்கூடாது.’ ஐந்து நிமிடம் ஒருவரும் பேனையைத் திறக்கவில்லை. அதெல்லாம் போனால் இந்த ஊரில் என்ன மிச்சம் என்று ஒருவர் சண்டைக்கே போனார். அவரே கடைசியில் கன்னியாவை எழுதினார். ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. செத்துப்போன அம்மம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குப் போன இடத்தில் யார் முதலில் வாளி போடுவது என்று மாமாமார் பிடுங்குப்பட்ட கதை. விழுந்து விழுந்து சிரித்தோம், பிறகு சத்தமில்லாமல் இருந்தோம்.

எனக்கு வந்தது கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. கொடியில் சட்டை அப்பளம் மாதிரிக் காயும் அந்த நாட்களில்தான் அப்பா எங்களை அடித்திருக்கிறார். எழுதி முடிக்கும்வரை இது எனக்கே தெரியாது.

கிண்ணியாக்காரன்:

எனக்கு வாய்த்த சவால் ‘இப்போது கேட்காத ஒரு சத்தம்’. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதையில்தான் அக்கரை போனோம். வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் இங்கே வாகனங்களும் ஏற்றும் மிதவை. அதன் இரும்புப் பலகை துறையில் விழும் சத்தத்தை எழுதத் தொடங்கினேன், மூன்றாவது வரியில் வாப்பா வந்துவிட்டார். கடைசிப் பாதையைத் தவறவிட்டு, மீன் பையோடு அக்கரையில் நின்றவர். ‘வாப்பாவைப் பற்றி எழுது’ என்று கேட்டிருந்தால் ‘அன்பானவர், உழைப்பாளி’ என்று இரண்டு வரியோடு கொப்பியை மூடியிருப்பேன்.

நவம்பரில் தோற்றவள்:

சவால் வைத்து எழுதுவதில் நான் எதிர்ப்பக்கம். 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் 21 பேர் தொடங்கிய நாவல் மாதச் சவால் தெரியும்தானே? பிறகு நவம்பருக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொல். நாளுக்கு 1,667 சொல் வரவேண்டியிருந்தது. தமிழில் இறங்கினேன். நம் மொழியில் ‘போய்க்கொண்டிருந்தவர்களோடு’ ஒரே சொல்! ஆங்கிலக்காரருக்கு அது நாலைந்து சொல்லாகக் கணக்கில் ஏறும். போதாக்குறைக்கு நவம்பர் எங்களுக்கு மாரி, கரண்டும் போய்ப் போய் வரும். 11,000இல் நின்றுவிட்டேன். சொல்லை எண்ணப் போனால் எழுத்து ஊதும் என்பதுதான் கண்டது. ‘பிறகு அவன் மெல்ல மெல்ல’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன், கணக்குக்காக.

உவர்மலை வாசி:

எண்ணிக்கைச் சவால் எனக்கும் ஒத்துவராது. ஆனால் பூட்டுப் போடும் சவால் வேறு. அது நம்மவர்களுக்குப் புதிதுமில்லை. ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடித்து முருகனைப் பாடு என்றார்களாம், காளமேகம் பாடினாராம்.

தமிழ் ரியூஷன் அக்கா:

நிரோட்டகத்தை விட்டுவிட்டீர்களே. உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ போயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ சேரும் எழுத்துகளும் போயிற்று. என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ‘அம்மா எழுத ஏலாது ரீச்சர், அப்பாவும் ஏலாது’ என்று அழாக்குறை. ஊர்ப் பெயரும் எழுத முடியாது. கடல் மட்டும் எழுதலாம், வேடிக்கையைப் பாருங்கள். கடைசி வாங்கில் இருக்கும், வாயே திறக்காத பிள்ளை தந்தது:

‘கரையில் அக்கா. காற்றில் சேலை. கண்ணில் நீர் இல்லை.’

அதற்கு என்ன புள்ளி போடுவது என்று தெரியாமல் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கிண்ணியாக்காரன்:

அக்கா, அடுத்த சனி அந்தப் பிள்ளையிடமே சீட்டு எழுதி வாங்கி வாங்கோ.