ஹீலியம் பலூன் எவ்வளவு பாரம் தூக்கும்?

கேள்வி: வெள்ளவத்தையில் பிறந்தநாள் விழா. 30 சென்ரிமீற்றர் இறப்பர் பலூன் ஒவ்வொன்றிலும் 10 கிராம் அட்டை தொங்கவிடலாமா? காலையிலேயே நிரப்பி வைக்கலாமா?

பதில் 1: பலூன் விலக்கும் காற்றின் எடையைவிட பலூன், வாயு, நூல், அட்டை எல்லாம் சேர்ந்து இலேசாக இருந்தால்தான் மேலே போகும். கொழும்பு வெக்கையில், 30 பாகை என்று வையுங்கோ, ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ 1.16 கிராம், ஹீலியம் 0.16. ஆக லீற்றருக்கு 1 கிராம் தூக்கும். முழு உருண்டையாக ஊதினால் 14 லீற்றர். இறப்பர் 3 கிராம் போக மிச்சம் 11. உங்கட அட்டை மட்டுமட்டு. 5 கிராமுக்குள் வெட்டுங்கோ.

பதில் 2: காலையில் வேண்டாம். இறப்பருக்குள்ளால் ஹீலியம் கசியும். விழாவுக்கு 2 மணித்தியாலம் முன் போதும். ஏசி அறையில் இறுக்கமாக நிரப்பி வெயிலுக்குக் கொண்டுபோனால் விரிந்து வெடிக்கும்.

பதில் 3: மலிவென்று ஐதரசன் வாங்கிடாதீங்கோ. தூக்குவது 8 வீதம்தான் கூட. கேக் மெழுகுதிரி பட்டால் தீப்பற்றும்.