தாத்தா விட்டுச்சென்ற மூன்று டிராகன் சிலைகள்: எந்த நாட்டு வேலை என்று கண்டுபிடிக்க உதவுங்கள்

தேடல்:
வணக்கம். தாத்தாவின் பெட்டியிலிருந்து மூன்று உலோகச் சிலைகள் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்றையும் டிராகன் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். எங்கே வாங்கினார் என்று சொல்ல இப்போது ஆளில்லை. பெரியப்பா சீனா என்கிறார், அத்தை பர்மா என்கிறார். விற்கும் எண்ணம் இல்லை. எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டு, எழுதிவைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியது சுருண்டு கிடந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. முன்காலில் ஒரு கண்ணாடி உருண்டை. நிறம் கரும்பழுப்பு. நடுவில் உள்ளது மஞ்சள் சாயல், அடியில் சதுரக் கட்டத்துக்குள் ஆறு எழுத்துகள். சிறியது நான்கு காலில் நிற்கிறது, நெற்றியில் ஒற்றைக் கொம்பு, உடம்பு முழுக்கச் செதில். காந்தம் எதிலும் ஒட்டவில்லை. ஆங்கில எழுத்து எங்கும் இல்லை. சிறியதின் வயிற்றுப்பக்கம் பச்சைப் பச்சையாக ஏதோ இருக்கிறது. வேறு என்ன பார்க்கட்டும்?

பழம்பொருள் பிரியன்:
நகத்தை எண்ணுங்கள். ஐந்து என்றால் சீனா, மூன்று என்றால் ஜப்பான். முதலில் புளிப்பான எதையாவது போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள், எழுத்தும் பளிச்சென்று தெரியும்.

வார்ப்புப் பட்டறை:
தேய்க்கவே தேய்க்காதீர்கள். புளிப்பு, மெருகுப் பசை, கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். அந்தக் கரும்பழுப்பு அழுக்கில்லை. செய்தவரே ரசாயனம் பூசி, சூடுகாட்டி வரவழைத்த நிறமாக இருக்கலாம். ஜப்பானிய வெண்கல வேலையில் பாதித் திறமை அந்த நிறத்தில்தான் இருக்கிறது. ஒரு தடவை போனால் போனதுதான். மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், போதும்.

காந்தம் ஒட்டாததால் இரும்பு இல்லை என்று மட்டும் தெரிகிறது. வெண்கலம், பித்தளை, துத்தநாகக் கலவை மூன்றிலுமே காந்தம் ஒட்டாது. புதிதாகக் கீற வேண்டாம். ஏற்கனவே தேய்ந்துபோன விளிம்பைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகத் தெரிந்தால் மலிவான துத்தநாகக் கலவைக்கு மேல் வண்ணம் பூசியிருக்கிறார்கள். பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை. கொஞ்சம் சிவப்பு கலந்திருந்தால் வெண்கலமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். என் தொழிலில் முகத்தைவிட அடியைத்தான் முதலில் பார்ப்போம். மெழுகு வார்ப்பு (மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கிவிட்டு உலோகம் ஊற்றுவது) என்றால் உட்புறம் மேடு பள்ளமாக இருக்கும், நடுவில் வைத்த மண்கருவின் மிச்சம் கருகிப்போய் மூலையில் ஒட்டியிருக்கும். இரண்டு பாதி அச்சில் வார்த்தது என்றால் முதுகிலோ விலாவிலோ நீளமாக ஒரு கோடு ஓடும். கோடு இருந்தால் போலி என்று அர்த்தமில்லை, அதை அரத்தால் எவ்வளவு பொறுமையாக மறைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். செதில்களையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு செதிலின் விளிம்பும் கூர்மையாக, ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டிருந்தால், வார்த்தபின் உளி போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், இன்னொரு சிலையிலிருந்து எடுத்த அச்சு. திருகாணிக்கு மரை வெட்டிய துளை இருந்தால் அதையும் படம் எடுங்கள்.

பச்சை பற்றிக் கவனம். கெட்டியாகப் படிந்த கரும்பச்சை களிம்பு பரவாயில்லை. வெளிறிய பச்சையில் மாவு போல உதிர்ந்து, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தால் அது குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கிற நோய். அந்த ஒன்றைத் தனியாக, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அருங்காட்சியகத் தோழி:
நகக் கணக்கு பயன்படும், ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. தாங், சொங் என்ற பழைய அரச வம்சங்களின் காலச் சீன டிராகன்களுக்கும் மூன்று நகம்தான். ஐந்து நகம் பேரரசருக்கு உரியது என்ற கட்டுப்பாடு பிந்தியது. 1912இல் சிங் ஆட்சி முடிந்தபின் யார் வேண்டுமானாலும் ஐந்து நகம் போட்டார்கள்.

ஆறு எழுத்துகளைத் தெளிவாகப் படம் எடுக்க, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து தட்டையாகிவிடும்.

ஆங்கிலம் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதனால் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. வேறு நாட்டுக்குப் போனதாக இருக்கலாம், ஒட்டிய காகிதம் உரிந்தும் போயிருக்கலாம்.

தேடல்:
மிக்க நன்றி, எதையும் தேய்க்கவில்லை. பெரியதற்கு மூன்று நகம். வயிற்றடியில் சின்னச் செவ்வகத்துக்குள் இரண்டு மூன்று எழுத்து, இதுவரை யாரும் கவனித்ததே இல்லை! செதில் விளிம்பு விரலில் உரசுகிறது, கண்ணில் வேறு நிற உலோகம் பதித்திருக்கிறது. நடுவில் உள்ளதற்கு ஐந்து நகம், தேய்ந்த இடம் நல்ல மஞ்சள், விலாவில் கோடு. சிறியதற்கு நகமே இல்லை, குளம்பு இருக்கிறது. பச்சை கெட்டியாக இருக்கிறது, உதிரவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

அருங்காட்சியகத் தோழி:
ஆறு எழுத்து ‘மாபெரும் மிங், ஷுவான்தெ ஆண்டில் செய்தது’ என்கிறது. ஷுவான்தெ என்பவர் மிங் வம்சத்துச் சீனப் பேரரசர், அவர் பெயரிலான ஆண்டுகள் 1426 முதல் 1435 வரை. ஆனால் இந்த முத்திரையை அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் கணக்கில்லாமல் போட்டார்கள், தூபக்கலங்களில் இது சர்வசாதாரணம். ஏமாற்ற மட்டுமல்ல, அந்தக் காலத்து வெண்கலத்தின் மேல் இருந்த மதிப்பாலும் போட்டார்கள். உங்களுடையதில் எழுத்தின் உட்பகுதி மழுங்கி, விலாக் கோடும் தெரிவதால், 20ஆம் நூற்றாண்டுச் சீனப் பித்தளை என்று நினைக்கிறேன்.

சிறியது டிராகனே அல்ல. குளம்பு, செதில், ஒற்றைக் கொம்பு மூன்றும் சேர்ந்தால் சிலின். சீனர்கள் நல்ல சகுனமாகக் கருதும் விலங்கு, ஜப்பானில் கிரின் என்பார்கள். எந்த நாட்டு வேலை என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பெரியதைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானிய ஏற்றுமதி வெண்கலத்தின் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன. 1876இல் வாள் தரிக்கத் தடை வந்தபின், வாள் உறைக்கும் கைப்பிடிக்கும் நுணுக்க வேலை செய்த பலர் இப்படிப்பட்ட சிலைகளுக்கும் குவளைகளுக்கும் திரும்பினார்கள். கண்ணில் உலோகம் பதிப்பது அந்தக் கைப்பழக்கம்தான். செவ்வகத்துக்குள் இருப்பது செய்தவர் அல்லது பட்டறையின் பெயராக இருக்க வேண்டும். பிற்கால நகல்களிலும் பெயர் போடுவது உண்டு, அதனால் பழைய ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிந்தவரிடம் நேரில் காட்டுங்கள்.

தேடல்:
உருண்டை படிகமா கண்ணாடியா என்று எப்படித் தெரியும்?

வார்ப்புப் பட்டறை:
கழற்ற வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்து உள்ளே பாருங்கள். வட்டமான காற்றுக்குமிழி இருந்தால் கண்ணாடி. குமிழி இல்லையென்றால், பின்னால் ஒரு தலைமுடியைப் பிடித்து, பல கோணத்தில் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் முடி இரண்டாகத் தெரிந்தால் படிகம்.

கண்ணாடி என்றாலும் கவலைப்படாதீர்கள். இந்த உருண்டைகள் அடிக்கடி தொலைந்துபோய், வேறு போட்டிருப்பார்கள். மூன்று நகமும் உருண்டையை இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா, இல்லை இடைவெளியில் பசை தெரிகிறதா என்று பார்த்து, அதையும் உங்கள் குறிப்பில் எழுதிவிடுங்கள். பெரியப்பா, அத்தை சொன்னதையும் அவர்கள் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். நடுவில் உள்ளதைப் பொறுத்தவரை பெரியப்பா சொன்னது சரியாக வருகிறது.