மறு: நீரடி ட்ரோன் வாங்கும் யோசனை

அனைவருக்கும் வணக்கம்.

பவளத்திட்டு, கடற்புல் மீட்புப் பணிக்கு ட்ரோன் வாங்கிக் கொடுக்கலாம் என்று நான்கைந்து மடல்கள் வந்துவிட்டன. எனக்கும் சம்மதமே. ஆனால் எந்த மாடல் என்பதிலேயே பேச்சு நிற்கிறது. எதை வாங்கினாலும் அழகான வீடியோ கிடைக்கும். மீட்புக்காகக் கடலடியில் நட்ட பவளம் பிழைத்ததா என்பது அதை வைத்து மட்டும் தெரியாது.

அது தெரிய வேண்டுமானால் அதே இடத்தை, அதே உயரத்திலிருந்து, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். சிக்கலே அங்கேதான். ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது. ஒலியலை கொண்டு இடம் காட்டும் கருவியைத் தனியாக வாங்க வேண்டும்; அதன் விலையும் லேசுப்பட்டதல்ல. பணம் இடிக்கிறதென்றால் கடலடியில் எண் போட்ட கம்பிகளை நட்டுவிட்டு, கம்பிக்குக் கம்பி ட்ரோனை ஓட்டலாம்.

அளப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. கேமராவின் இருபுறமும் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு லேசர்களை இணையாகப் பொருத்திவிடுவார்கள். பாறையில் விழும் இரு சிவப்புப் புள்ளிகளுக்கும் நடுவே எப்போதும் அதே 10 செ.மீ. தான். கிளை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று படத்திலேயே கணக்கிடலாம். கிளைப் பவளத்தில் சில வகைகள் ஆண்டுக்கு 10 செ.மீ. அளவுக்கு வளரும், உருண்டைப் பவளம் 1 செ.மீ. வளர்ந்தாலே பெரிது. அதை மாதாமாதம் போய் அளப்பது வீண்வேலை.

கடற்புல்லுக்கு வேறு பாடு. தாழ ஓட்டினால் விசிறி சேற்றைக் கிளப்பிப் படத்தைக் கெடுத்துவிடும்.

குழுவில் பகிர்ந்த ரேஞ்சர்பாட் என்ற நீரடி ரோபோ பற்றிய செய்தியையும் பார்த்தேன். 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அறிமுகப்படுத்தியது. மேலே இருப்பவரோடு இணைக்கும் கேபிள் இல்லாமல் தானே ஓடி, பவளத்தைத் தின்னும் முள் நட்சத்திர மீனைக் கண்டுபிடித்து, அதைக் கொல்ல ஊசி போடும். பிரமாதமான கருவி! ஆனால் நமக்கு வேண்டியது படம் எடுத்து அளப்பது மட்டுமே. அதற்குக் கேபிள் கட்டி ஓட்டும் சின்ன ட்ரோனே தோது. கேபிள் கிளைகளில் சிக்கினால் நட்டதையே உடைத்துவிடும் என்பதை மட்டும் ஓட்டுபவர் மறக்கக் கூடாது.

மீட்பு நடக்காத பக்கத்துத் திட்டு ஒன்றையும் அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் திட்டில் மீன் கூடியது பவளம் நட்டதாலா, அந்த ஆண்டு எங்குமே கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியாக, ஒரு தடவை இறக்கினால் ஆயிரக்கணக்கில் படங்கள் சேரும். அவற்றை உட்கார்ந்து பார்த்து எண்ணுபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? இதுவரை வந்த எந்த மடலிலும் அந்தச் செலவு இல்லை. அதையும் சேர்த்துப் பட்ஜெட் போட்டு அனுப்பினால் என் பங்கைச் சொல்கிறேன்.

அன்புடன்.