இரண்டாவது வீட்டை விற்பதா, வைத்திருப்பதா?

வயது 47. ஓய்வுக்கு இன்னும் 13 வருடம். குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காமல், என் சொத்தில் 70 சதவீதம் வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகளில் இருக்கிறது. 20 சதவீதம் ஓய்வூதியக் கணக்கில், மிச்சம் 10 குறியீட்டு நிதியில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி).

அவசரத்துக்குக் கையில் காசு நிற்பதில்லை, அதுதான் பிரச்சினை. போன வருடம் இரண்டாவது வீட்டின் வாடகையைக் கொஞ்சம் ஏற்றினேன்; குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் போனது. அந்த நேரம் பார்த்துக் குழாய் உடைந்து, படுக்கையறைச் சுவர் முழங்கால் உயரம் வரை ஊறிப்போனது. சந்தை இறங்கியிருந்த வாரத்தில் நிதியை விற்றுத்தான் சமாளித்தேன். பங்கு என்றால் வேண்டிய அளவு விற்கலாம், வீட்டில் ஒரு அறையையா விற்க முடியும்?

அந்த வீட்டின் கணக்கு: வாடகை அதன் மதிப்பில் வருடத்துக்கு 4 சதவீதம். வரி, பராமரிப்பு, காலி மாதங்கள் கழித்தால் 2.5. கடன் வட்டி 8, இன்னும் 9 வருடம் பாக்கி. முதல் வீட்டில் கடன் இல்லை.

கடனை வேறு வங்கிக்கு மாற்றக் கேட்டேன். கட்டணம் போக மிச்சம் சொற்பம். இரண்டு வருடமாகப் புதுச் சேமிப்பு முழுவதையும் நிதியில் போட்டும் வீடுகளின் பங்கு 72-இலிருந்து 70-க்குத்தான் இறங்கியது. ஓய்வூதியக் கணக்கில் நிறுவனம் ஈடாகப் போடும் தொகை முழுதும் கிடைக்கும் அளவுக்குக் கட்டுகிறேன், அதைக் குறைப்பதாக இல்லை.

இரண்டாவது வீட்டை இப்போதே விற்று, கடனை அடைத்து, வரி போக மிஞ்சுவதை நிதிக்கு மாற்றலாமா, இல்லை கடன் முடியும்வரை வைத்திருப்பதா?