இட்லி மாவு வியாபாரம்: அடுத்த கடையை எப்போது சேர்ப்பது?

10 லிட்டர் டில்டிங் (சாய்த்து மாவு எடுக்கும்) கிரைண்டரில் ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை ஆட்டுவதற்கு, 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ முழு உளுந்து. உளுந்துக்கு 40 நிமிடம், அரிசிக்கு 30, கழுவி எடுக்க 15. சுமார் 12 கிலோ மாவு கிடைக்கும். மூன்று ஈடு ஆட்டி, 36 பாக்கெட் கட்டி, கடைகளுக்குப் போட்டு வர எட்டு மணி நேரம் ஆகிவிடும். தனி ஆளுக்கு அதுதான் அளவு. நாலாவது ஈடு வந்தால் அது தூக்கத்தில்தான் கை வைக்கும்.

புதுக் கடை கேட்கிறார்கள் என்றதும் சரி சொல்லிவிடாதீங்க. முதலில் ரிட்டர்னை, அதாவது கடையிலிருந்து திரும்பி வரும் பாக்கெட்டைப் பாருங்க. பாக்கெட் அடக்கம் 30 ரூபாய், கடைக்கு 38 என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 8. நாலு பாக்கெட் திரும்பினால் 120 ரூபாய் போச்சு. அதாவது 15 பாக்கெட் விற்ற லாபம். கடை கூடக்கூட உடம்பு நோகுது, காசு மட்டும் சேரலை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு வாரம் தொடர்ந்து ரிட்டர்ன் ஒன்றிரண்டுக்குள் நின்றால் ஒரே ஒரு கடையைச் சேர்த்துக்குங்க.

*

மேலே அக்கா எழுதிய ரிட்டர்ன் கணக்கு சரி. ரிட்டர்ன் ஏன் வருது என்பதையும் சேர்த்துக்கிறேன். முக்கால்வாசி, மறுநாளே புளித்து உப்பிய பாக்கெட்தான். வெயில் காலத்தில் ஓடுகிற கல்லின் சூடு மாவில் இறங்கி, ஆட்டி முடிக்கும்போதே புளிப்பு ஏற ஆரம்பித்துவிடும். ஊறிய உளுந்தை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுங்க. ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். வழித்தெடுக்கும் கைக்கு வெதுவெதுப்பே தெரியக் கூடாது.

அடுத்த தவறு, 36 கிலோவையும் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரே நேரத்தில் அடுக்குவது. நடுவில் மாட்டிய பாக்கெட் விடியும் வரை குளிராது. பாக்கெட்டைத் தட்டையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விடுங்க. இடம் பத்தவில்லையா, இரண்டாவது கிரைண்டர் வாங்குவதற்கு முன்னால், மாவைக் குளிரவைக்கும் கூலர் வாங்குங்க. எத்தனையோ பேர் தலைகீழாகச் செய்து, ஆட்டிய மாவைக் கொட்டுகிறார்கள்.

*

கடையைச் சேர்க்கும் முதல் நாளே உங்க வார விடுமுறையைக் கடைக்காரரிடம் சொல்லிடுங்க. சனி, ஞாயிறு விற்பனை கூடும் என்பதால் திங்கள் வசதி. கிரைண்டர் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்க, பெல்ட் பார்க்க அந்த நாள்தான் தோது. கல் வழவழப்பானால் அதே உளுந்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டிவரும், மாவும் சூடாகும்.

ஆள் வைப்பதாக இருந்தால் ஆட்டுவதற்கு வேண்டாம். பதம் கை மாறினால் வாடிக்கையாளர் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். கழுவ, எடைபோட, தேதி ஒட்ட என்று தினமும் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் போதும். நாலாவது ஈட்டை அவர் வந்த பிறகு போடுங்க.