எண்ணெயைக் குறைத்தும் ட்ரைகிளிசரைடு இறங்கவில்லை

கேள்வி:
வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290. வறுவல், பொரியல் எல்லாவற்றையும் அறவே விட்டுவிட்டேன். அளவு அசைய மறுக்கிறது. காலையில் பெரிய டம்ளர் நிறையப் பழச்சாறு குடிக்கிறேன், சர்க்கரை சேர்ப்பதில்லை. இனி எதைத்தான் விடுவது?

பதில்:
அந்தப் பழச்சாற்றைத்தான்! மூன்று நான்கு பழங்களின் இனிப்பு, சக்கையெல்லாம் வடிகட்டப்பட்டு, ஒரே மூச்சில் உள்ளே போகிறது. செலவாகாத சர்க்கரையை, குறிப்பாகப் பழங்களில் இருக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையை, கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்பிவிடும். எண்ணெய்ச் சட்டியை மட்டும் முறைத்துப் பயனில்லை. எனக்கு 300ஐத் தாண்டியிருந்தது. இனிப்புப் பானங்களை நிறுத்தினேன். இரவுத் தட்டில் மாவுச்சத்தைப் பாதியாக்கி, காய்கறியும் பருப்பும் கூட்டினேன். வாரம் இருமுறை மத்தி அல்லது கானாங்கெளுத்தி, பொரிக்காமல். உடல் எடையும் கொஞ்சம் குறைந்தது. இப்போது 170. தேன் இயற்கையானது என்று யாராவது வருவார்கள். கல்லீரல் அந்தப் பாகுபாடெல்லாம் பார்ப்பதில்லை.

இன்னொருவர்:
மது அருந்துவீர்களா? சிலருக்குக் கொஞ்சம் குடித்தாலே ஏறிவிடும். ரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. அப்போது உணவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, மருத்துவர் மாத்திரை தரக்கூடும்.

கேட்டவர்:
மது கிடையாது. பழத்தையே கடித்துத் தின்னலாமா?

பதில்:
தாராளமாக. ஒரு வேளைக்கு ஒன்று போதும், முடிந்தால் தோலோடு.